பனி நாட்டுக்குப் போகும் பாதங்கள்



சப்பாத்து என்றதும் நம் வீடுகளில் பாடசாலைப் பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்தும், பெருநாளைக்கு வாங்கிய புதுச் சோடியும்தான் நினைவுக்கு வரும். வெயிலில் தார் வீதி கொதிக்கும் நாடு நமது. நுவரெலியாவில் ஒரு விடியற்காலை புல்லின் மேல் பனி வெள்ளையாக உறைந்து கிடந்தால், அது பத்திரிகையில் படத்தோடு வரும் செய்தி. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு கடுங்குளிருக்கான சப்பாத்தைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் படிக்கவும் உழைக்கவும் போய்ச் சேரும் ஊர்களில் சில, குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை செல்சியஸைக் காண்கின்றன. கனடாவின் வின்னிப்பெக்கும் எட்மன்டனும் அத்தகைய நகரங்கள். போகிற பிள்ளைக்கு ஸ்வெட்டர் வாங்குகிறோம், காது மூடும் தொப்பி வாங்குகிறோம், மாசிச் சம்பலும் போத்தலில் அடைத்துக் கொடுக்கிறோம். காலைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. குளிர் முதலில் கைவைப்பதோ காலிலும் கையிலும்தான்.

அது ஏன் அப்படி? நம் உடலை அல்லாஹ் அமைத்திருக்கும் ஒழுங்கைப் பாருங்கள். வெளியே குளிர் கடுமையாகும்போது உடல் தன் சூட்டை இதயம், ஈரல், மூளை போன்ற முக்கிய உறுப்புகளுக்காகச் சேமிக்கத் தொடங்குகிறது. அதற்காகக் கை, கால் விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கொள்கின்றன. உயிரைக் காக்க விரலைக் கைவிடும் ஏற்பாடு இது. சூடான இரத்தம் வராத விரல் குளிர்ந்து, மரத்து, கடைசியில் அதன் தசைக்குள் இருக்கும் நீரே உறைந்து போகிறது. பனிக்கடி என்பது இதுதான். முற்றினால் விரலை வெட்டி எடுக்க நேரிடும். 1950 ஜூனில் இமயமலையின் அன்னபூர்ணாச் சிகரத்தில் முதன்முதலில் ஏறிய மொரிஸ் ஹெர்சோக், லூயி லாஷெனல் என்ற இரு பிரெஞ்சுக்காரர்களும் உயிரோடு திரும்பினார்கள்; ஆனால் கால் விரல்களை இழந்து திரும்பினார்கள்.

சப்பாத்து சூட்டைத் தருவதில்லை

பலரும் நினைப்பது போல, குளிர்ச் சப்பாத்து காலுக்குச் சூடு கொடுக்கும் பொருளல்ல. மீன்காரர் ஐஸ் போட்டு வைத்திருக்கும் ரெஜிபோம் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அது குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் குளிரைக் காக்கிறது, அவ்வளவுதான். அதே பெட்டியில் சுடச்சுடப் புரியாணியை வைத்தால் சூட்டையும் காக்கும். சப்பாத்தும் அப்படியே. சூட்டை உண்டாக்குவது கால். அது வெளியே ஓடாமல் பிடித்து வைப்பது சப்பாத்து.

எதனால் பிடித்து வைக்கிறது? காற்றினால். அசையாமல் நிற்கும் காற்று சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. கம்பளி, உரோமம், பஞ்சு எல்லாமே தம் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து வைப்பதால்தான் நமக்குக் கதகதப்பாக இருக்கின்றன.

இதற்கு நமக்கு மிகவும் பழக்கமான பொருளிலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன். 1953 மே 29ஆம் திகதி எட்மன்ட் ஹிலாரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள் அல்லவா? அந்தக் குழுவினர் மலையின் உயரமான பகுதிகளில் அணிவதற்கென்று இங்கிலாந்தின் கெற்றரிங் நகரிலுள்ள சப்பாத்துத் தொழில் ஆராய்ச்சி நிலையம் ஒரு சப்பாத்தை வடிவமைத்துக் கொடுத்தது. வெளியே மிக மெல்லிய ஆட்டுத்தோல், உள்ளே நீர் புகாத உறை. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 1 அங்குலத் தடிப்பில் என்ன வைத்தார்கள் தெரியுமா? இலவம் பஞ்சு! நாம் தலையணைக்கு அடைக்கிறோமே, அதே பஞ்சுதான். இலவம் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே வெறுமையான குழாய். அதற்குள் நிறையக் காற்று. இழையின் மேல் இயற்கையிலேயே மெழுகுப் பூச்சு இருப்பதால் நீரும் இலேசில் ஊறாது. அந்தச் சப்பாத்து எடை குறைந்தது, கதகதப்பானது. ஆனால் கரடுமுரடான கல்லில் தினமும் உரசி நடக்க ஏற்றதல்ல. ஆகவே மலையின் கீழ்ப்பகுதிக்கு வேறொரு சப்பாத்தை அணிந்தார்கள். கதகதப்பும் உழைப்பும் ஒரே சப்பாத்தில் முழுமையாகக் கிடைப்பது அரிது. எந்த இடத்துக்கு எது என்று தெரிந்தெடுப்பதுதான் புத்தி.

தலையணையை வைத்தே இன்னொன்றையும் விளங்கிக்கொள்ளலாம். பல காலம் தலை வைத்துப் படுத்த தலையணை தட்டையாகிவிடுகிறது; காற்றெல்லாம் போய்விடுகிறது. சப்பாத்தின் அடியிலும் இதே கதைதான். உடலின் முழுப் பாரமும் உள்ளங்காலில் இறங்குவதால் பஞ்சும் கம்பளியும் அங்கே நசுங்கிவிடும். மேலே எவ்வளவு தடிப்பான உரோமம் இருந்தாலும், அடிப்பாகம் மெல்லியதாக இருந்தால் உறைந்த நிலம் காலின் சூட்டைக் குடித்துவிடும். அதனால்தான் நல்ல சப்பாத்தின் அடியில் பாரத்துக்கு இலகுவில் நசுங்காத அழுத்தக் கம்பளமோ, நுண்ணிய காற்றறைகள் கொண்ட இறப்பரோ வைக்கிறார்கள்.

இறுக்கமான சப்பாத்தும் ஆபத்து. அது காலுறையை நசுக்கிக் காற்றை வெளியேற்றும். இரத்த ஓட்டத்தையும் தடுக்கும். 1911 டிசம்பர் 14ஆம் திகதி தென்துருவத்தை முதலில் அடைந்த நோர்வே நாட்டவர் ருவால் அமுன்ட்சென், புறப்படுவதற்கு முந்திய குளிர்காலம் முழுவதும் பனிக்குடிலில் இருந்து தம் குழுவின் சப்பாத்துகளைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பெரிதாக்கித் தைக்க வைத்தார். பல காலுறைகள் போட்ட பின்னும் விரல்கள் தாராளமாக அசைய வேண்டும் என்பதே அவர் கணக்கு.

உள்ளிருந்து வரும் எதிரி

பனி வெளியில் இருக்கிறது, ஆகவே ஈரமும் வெளியிலிருந்துதான் வரும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கடுங்குளிரில் சப்பாத்தைக் கெடுக்கும் ஈரத்தின் பெரும்பகுதி காலிலிருந்தே வருகிறது. குளிரில் நடந்தாலும் கால் வியர்க்கும். நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். காற்று இருந்த இடத்தில் வியர்வை வந்து உட்கார்ந்தால் கம்பளி இருந்தும் பயனில்லை.

இதற்கு ஒரு பெரும் படையே விலை கொடுத்தது. 1950 நவம்பர், டிசம்பர் மாதங்களில் கொரியப் போரின்போது சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் அமெரிக்கப் படையினர் சிக்கிக்கொண்டார்கள். இரவில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையையும் தாண்டியது. அவர்கள் அணிந்திருந்தது கீழ்ப்பகுதி இறப்பரும் மேற்பகுதி தோலுமாக, உள்ளே கம்பள அட்டை வைத்த சப்பாத்து. சதுப்பு நிலத்துக்கு அது நல்ல சப்பாத்துதான். ஆனால் சுமையோடு மலையேறும்போது கால் வியர்த்தது. இறப்பர் வியர்வையை வெளியே விடவில்லை. நடை நின்றதும் அந்த வியர்வை சப்பாத்துக்குள்ளேயே உறைந்தது. ஆயிரக்கணக்கானோருக்குப் பனிக்கடி ஏற்பட்டது.

அதன் பிறகு வேறு விதமான சப்பாத்தைக் கொடுத்தார்கள். இறப்பரின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே கம்பளியை வைத்து, நாலா புறமும் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டார்கள். வெளியேயிருந்து பனி நீரும் கம்பளிக்குள் போகாது. உள்ளேயிருந்து வியர்வையும் போகாது. கறுப்பு நிறத்தில் குண்டாக இருந்ததால் படைவீரர்கள் அதை மிக்கி மவுஸ் சப்பாத்து என்றார்கள். பின்னர் வந்த வெள்ளைச் சப்பாத்து பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 54 பாகைக் குளிருக்கென்று செய்யப்பட்டது. இதில் கால் நனையும். ஆனாலும் சூடு இருக்கும். அதனால் அணிபவர் காலுறையை அடிக்கடி மாற்றி, உட்புறத்தைத் துடைத்துக் காய விட வேண்டும். அதன் பலவீனமும் அதே ஒட்டில்தான் இருக்கிறது. ஓர் ஆணி குத்தி உள்ளே நீர் புகுந்தால், மூடிய அடுக்குக்குள் இருக்கும் கம்பளியைக் காய வைக்க வழியில்லை.

எவரெஸ்டில் கூட ஈரம் வேலையைக் காட்டியது. உச்சிக்குப் போவதற்கு முந்திய இரவு ஹிலாரி தம் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். விடிந்து பார்த்தால் அது இரும்பாக உறைந்திருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பின் சுவாலையில் காட்டி இளக்கிய பின்னரே காலில் ஏற்ற முடிந்தது. டென்சிங் தம் சப்பாத்தைக் கழற்றாமலே உறங்கியிருந்தார்.

ஊசியும் விளக்கும் வைத்திருந்த பெண்கள்

இந்த ஆராய்ச்சிகள் எல்லாம் நடப்பதற்கு நெடுங்காலம் முன்பே, இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்கள் பெண்கள்! பாடப் புத்தகங்களில் எஸ்கிமோக்கள் என்று நாம் படித்த வடதுருவப் பகுதி மக்களின் பெரும் பிரிவினர் தம்மை இனுயிட் என்கிறார்கள். அவர்களின் சப்பாத்துக்குக் கமிக் என்று பெயர். அதைச் செய்வது பெண்களின் கைவேலை. கலைமான் தோலில் உரோமம் உட்புறமாக வரும்படி காலுறை போன்ற ஓர் உள்ளுறை; அதற்கு மேல் கடல்நாய்த் தோலில் வெளிச்சப்பாத்து; அடியில் காய்ந்த புல்லோ பாசியோ பரப்பிய மெத்தை. தனித்தனியாகக் கழற்றிக் காய வைக்கக்கூடிய அடுக்குகள்.

தையல் தெரிந்த சகோதரிகள் அவர்களது தையலைக் கேட்டால் வியப்பீர்கள். நாம் இரண்டு துணிகளை இணைக்கும்போது ஊசியை இரண்டிலும் ஊடுருவிக் குத்துகிறோம். தோலில் அப்படிக் குத்தினால் ஒவ்வொரு துவாரமும் நீருக்கு ஒரு வாசல். ஆகவே இனுயிட் பெண்கள் ஊசியைத் தோலின் தடிப்பில் பாதி மட்டும் செலுத்தி, மறுபுறம் வராமல் வெளியே எடுத்துவிடுவார்கள். அதன் மேல் இரண்டாவது வரிசை. விலங்கின் தசைநாரே நூல். அது நனைந்ததும் ஊதி, துவாரத்தை அடைத்துக்கொள்ளும். அடித்தோல் விறைப்பாக இருந்தால் பல்லால் மென்று மென்று பதப்படுத்துவார்கள்.

கடல்நாய்க் கொழுப்பில் எரியும் குல்லிக் என்ற கல் விளக்கும் வீட்டுப் பெண்ணின் பொறுப்பே. அதற்கு மேலே கட்டிய பரணில், வேட்டையிலிருந்து வந்தவர்களின் ஈரச் சப்பாத்தும் கையுறையும் இரவில் காயும். கிழிந்த இடம் அன்றிரவே தைக்கப்படும். வேட்டைக்காரனின் ஈட்டியைப் போலவே அவன் மனைவியின் ஊசியும் குடும்பத்துக்கு உயிர். ஒரு தையல் விட்டுப்போனால் கால் போகலாம். கால் போனால் வேட்டை இல்லை, உணவு இல்லை.

சகோதரிகளே, இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு சப்பாத்து எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைக் கடைக்காரரின் விலைச்சீட்டு தீர்மானிப்பதில்லை. இரவில் அதற்கு என்ன நடக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முடிந்தால் சப்பாத்தை இங்கே வாங்கி அனுப்பாமல், போய்ச் சேரும் ஊரிலேயே வாங்கச் சொல்லுங்கள். அங்குள்ள குளிரை அங்குள்ளவர்களே அறிவார்கள். வாங்கும் பிள்ளைக்கு இவற்றைச் சொல்லி அனுப்புங்கள்:

உள்ளுறையைத் தனியே கழற்றக்கூடிய சப்பாத்தே மேல். அடி தடிப்பாக இருக்க வேண்டும். மலிவான பிளாஸ்ரிக் அடி கடுங்குளிரில் விறைத்து வெடிக்கலாம். நல்ல இறப்பர் அதைவிட நெகிழ்ந்து கொடுக்கும். தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்து, விரல்கள் அசைகின்றனவா என்று சோதிக்க வேண்டும். பின்னேரத்தில் கால் சற்று வீங்கியிருக்கும். அந்நேரம் அளவு பார்ப்பது நல்லது. பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். குளிருக்கு அது உதவாது.

சீட்டில் இத்தனை பாகை என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. நடந்துகொண்டிருக்கும் காலுக்குப் போதுமானது, பஸ்ஸுக்காக அரை மணி நேரம் அசையாமல் நிற்கும் காலுக்குப் போதாது. தொழிற்சாலை, குளிர்க் களஞ்சிய வேலைக்கான ஐரோப்பியப் பாதுகாப்புச் சப்பாத்துகளில் ‘சீ.ஐ.’ என்ற குறி இருக்கும். பூச்சியத்துக்குக் கீழே 17 பாகை அறையில் 30 நிமிடம் வைத்தால் உள்ளே வெப்பம் 10 பாகைக்கு மேல் குறையாது என்பதே அதன் பொருள். பயனுள்ள குறிதான், ஆனால் 40 பாகைக் குளிருக்கு அது சான்றிதழ் அல்ல.

வீட்டுக்கு வந்ததும் உள்ளுறையை வெளியே எடுத்து, காற்றோட்டமான இடத்தில் காய வைக்க வேண்டும். சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைக் கடதாசியைத் திணித்தால் ஈரத்தை உறிஞ்சும். ஹீற்றரின் மேலோ நெருப்பின் அருகிலோ வைத்தால் தோல் வெடிக்கும், பசை விட்டுப்போகும். அந்நாடுகளில் பனியை உருக்க வீதியில் உப்புப் போடுவார்கள். அந்த உப்பு தோலை அரிக்காமல் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

வுழூவும் குளிரும்

வேலைத்தலத்தில் லுஹருக்கும் அஸருக்கும் வுழூச் செய்யும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு கவனம் தேவை. கழுவிய காலை அவசரத்தில் ஈரத்தோடு சப்பாத்துக்குள் விட்டுக்கொண்டு வெளியே போவது, கடுங்குளிரில் ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். விரல் இடுக்குகள் வரை துடைத்துக் காய்ந்த பின்பே காலுறை அணிய வேண்டும்.

மார்க்கம் இதில் நமக்கு இலகுவைத் தந்திருக்கிறது. தபூக் பயணத்தின்போது முகீரா இப்னு ஷுஃபா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் தோல் பாதவுறைகளைக் கழற்றக் குனிந்தபோது, தூய்மையான நிலையில் அணிந்ததால் அவற்றை விட்டுவிடும்படி கூறி, நபியவர்கள் அவற்றின் மேல் மஸ்ஹுச் செய்தார்கள். ஊரில் தங்கியிருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும் இந்தச் சலுகை உண்டு. முழுமையான வுழூவுடன் அணிந்திருக்க வேண்டும். கரண்டை உட்படக் காலை மறைக்க வேண்டும். தேவைகளுக்காக நடந்து திரியும் அளவுக்கு உறுதியாக இருக்க வேண்டும், தண்ணீர் இலேசில் ஊறிச் செல்லக் கூடாது என்பவையும் நம் ஷாபிஈ மத்ஹபின் நிபந்தனைகளில் அடங்கும். ஒரு பாதணியின் உழைப்பையும் நீர் புகாமையையும் நம் பிக்ஹு அறிஞர்கள் எப்போதோ கணக்கில் எடுத்திருக்கிறார்கள் பாருங்கள்! பெரிய சப்பாத்தைப் பள்ளிவாசலில் கழற்ற வேண்டி வரும் என்பதால், அதற்குள்ளே மெல்லிய தோல் பாதவுறையை அணிவோர் பலர். தாம் அணிவது நிபந்தனைக்குப் பொருந்துமா என்பதை ஓர் ஆலிமிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது சிறந்தது.

அலுமாரியில் உறங்கும் சப்பாத்து

லீவில் ஊருக்கு வருகிறவர்கள் குளிர்ச் சப்பாத்தை இங்கே விட்டுப் போவதும், சில ஆண்டுகள் கழித்து அடுத்துப் போகும் தம்பி அதைக் கொண்டு போவதும் நம் வீடுகளில் நடக்கிற காரியம். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். ஆனால் பல சப்பாத்துகளின் அடியில் இருக்கும் பொலியூரித்தேன் என்ற நுரைப் பொருள், காற்றிலுள்ள ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதையும் இயல்புடையது. நம் நாட்டு வெப்பமும் ஈரப்பதனும் அதை விரைவாக்கும். போடாமல் வைத்திருந்தாலும் உக்கிவிடும். பனியில் நாலு அடி வைத்ததும் அடி கழன்று விழலாம். கொடுத்து அனுப்புமுன் அடியை வளைத்து, விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ மாவாக உதிர்வோ தெரிந்தால், வீணாகிறதே என்று பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் பயணம் போவதாயின் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அவர்களில் பலருக்குக் காலின் உணர்வு குறைந்திருக்கும். விரல் மரத்துப் போவதை அறிய மாட்டார்கள். விரல் உணர்விழந்து, வெளிறியோ சாம்பல் பூத்தாற்போலோ மெழுகு போல விறைத்தால் அது பனிக்கடியின் அடையாளம். தேய்க்கக் கூடாது, பனிக்கட்டியால் உரசுவதும் நெருப்பில் காட்டுவதும் தவறு. வீட்டுக்குள் வந்து, 37 முதல் 39 பாகை வரையான இளஞ்சூட்டு நீரில் காலை வைத்து, தாமதமின்றி வைத்தியரிடம் போக வேண்டும். மீண்டும் குளிரில் உறையக்கூடிய நிலை இருந்தால், பாதுகாப்பான இடம் சேரும்வரை இளக்க முயலக் கூடாது.

தூர தேசத்திலிருந்து பிள்ளை பேசும்போது, "சாப்பிட்டாயா மகன்? தொழுதாயா?" என்று கேட்காத உம்மா நம்மில் இல்லை. குளிர்காலம் வந்தால் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "சப்பாத்தைக் காய வைத்தாயா?"